சுண்டுவின் நிமிடம்

சுண்டுவை ஓர் இடத்தில் உட்காரவைப்பது யாராலும் ஆகாத காரியம். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள், வயது இருபதைத் தாண்டிவிட்டது, தட்டு காலியாகும்வரை ஒருநாளாவது நாற்காலியில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. குழந்தையாக இருந்தபோது கைக்குக் கிடைத்ததையெல்லாம் விரலால் சுண்டிக்கொண்டே இருப்பாளாம். கிண்ணம், கதவு, அண்ணன் மண்டை எதுவும் தப்பாது. வீட்டில் வைத்த அந்தப் பெயர் கல்லூரிவரை கூடவே வந்துவிட்டது. நிஜப் பெயர் பரீட்சைத் தாளில் எழுத மட்டும்தான்.

அம்மா ஒரு தையற்கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவள். "இவ வயித்துல இருக்கும்போது பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மெஷின் மிதிச்சேன். அந்த ஆட்டம்தான் இன்னும் நிக்கல" என்பாள். அப்பா பேருந்து ஓட்டுநர். அவருக்கு மகளைப் பற்றி ஒரே கவலை, சாலையைக் கடக்கும்போது இருபக்கமும் பார்க்கமாட்டாளே என்று. பள்ளியில் டிரம்ஸ் கற்றுக்கொண்டாள், அது அவளாக ஆசைப்பட்டது. நர்சிங் சேர்ந்தாள், அது அம்மா ஆசைப்பட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போன முதல் வாரத்திலேயே அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ஓடிக்கொண்டே இருந்தால் திட்டாத இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

கல்லூரியில் இசைக் குழுவுக்கும் நர்சிங் மாணவர் சங்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு அறைதான் கொடுத்திருந்தார்கள். மாடியில், கழிவறைக்குப் பக்கத்தில். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒப்பந்தம். அலமாரியில் மேல் இரண்டு தட்டு இசைக்காரர்களுக்கு, கீழ் இரண்டு தட்டு நர்சிங்காரர்களுக்கு. மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்கொடுக்கப் பழகும் ரப்பர் பொம்மை ஒன்று உண்டு. அதற்குக் காலும் கிடையாது, அலமாரியில் இடமும் கிடையாது. மூலையில் பெஞ்சின்மேல் வாயைப் பிளந்து படுத்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அதற்குச் சித்தப்பா என்று பெயர் வைத்துவிட்டான். இசைக் குழுக்காரர்கள் வந்ததும் கிட்டார் பையைச் சித்தப்பாவின் வயிற்றில்தான் வைப்பார்கள். நர்சிங்காரர்கள் கட்டுத்துணியைச் சுருட்டி டிரம்ஸ்மேல் அடுக்குவார்கள். "எங்க சித்தப்பாவுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று இவர்கள் கேட்க, "எங்க டிரம்ஸ் என்ன மருந்துக்கடையா?" என்று அவர்கள் கேட்க, வாரம் ஒரு சண்டை நிச்சயம்.

இரண்டு கூட்டத்திலும் இருந்த ஒரே ஆள் சுண்டு. அங்கே டிரம்ஸ், இங்கே செயலாளர். அதனால் இரண்டு பக்கமும் அவளை எதிர்க்கட்சி ஒற்றர் என்றே நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் முழுசாக எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒத்திகையில் இருக்கும்போது நாளைய வகுப்பு ஞாபகம் வரும். சங்கக் கூட்டத்தில் யாராவது வரவுசெலவு வாசித்தால் அவள் விரல் மேசைக்கடியில் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இருக்கும். எங்கே இருந்தாலும் இன்னோர் இடத்துக்கு நேரமாகிவிட்டது என்கிற பதைப்பு அவளை விட்டதே இல்லை.

இந்த இரண்டையும் அவள் ஒருமுறை சேர்த்துவைத்தாள். நெஞ்சை அழுத்துவதற்கு ஒரு வேகம் உண்டு. நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபதுக்குள் இருக்கவேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை, ஒருத்தி தடவுகிறாள், ஒருத்தி இடிக்கிறாள். சுண்டு டிரம்ஸில் உட்கார்ந்து அந்த வேகத்தில் அடித்தாள், பிள்ளைகள் அடிக்கு ஏற்றபடி சித்தப்பாவை அழுத்தினார்கள். அரைமணியில் எல்லோருக்கும் வந்துவிட்டது. விரிவுரையாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு" என்றார். சுண்டுவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தப் பாராட்டு இல்லாமலிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏனென்றால் அதற்கப்புறம் அவள் கடிகாரங்களை மதிப்பதை விட்டுவிட்டாள். இசைக் குழுவின் லீடர் மின்பொறியியல் கடைசி வருடம் படிப்பவன், கிட்டார் வாசிப்பவன், பொறுமைசாலி. "சுண்டு, நீ ஓடுறே. சரணத்துல பாடுறவளுக்கு மூச்சு விட இடமில்ல" என்று மாதக்கணக்கில் சொல்லிப்பார்த்தான்.

"நான் ஓடல. நீங்க எல்லாரும் இழுக்கிறீங்க."

"சரி, காதுல இந்த டிக் டிக் சத்தத்தைப் போட்டுக்கிட்டு வாசி. ஒரே ஒரு தடவை."

"எனக்கு எதுக்கு அது? என் கையைப் பார்த்துத்தான் கடிகாரமே டைம் திருத்திக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நர்சிங் பிள்ளைகள் சீருடையில் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்திக்கொள்வார்கள். நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் நேரம் நேராகத் தெரியும். சுண்டுவின் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து கொஞ்ச நாளாகிவிட்டது. கடைக்குப் போக நேரமில்லை என்று தள்ளிப்போட்டாள். பிறகுதான் அந்த யோசனை வந்தது. நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கவேண்டும், அவ்வளவுதானே? அரை நிமிடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து ஓடாத கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே தனக்குள் ஓடுகிற கணக்கில் எண்ண ஆரம்பித்தாள். பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமைகூட இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரிகளுக்கிடையேயான இசைப் போட்டி நடந்த நாளில் அவளுக்குப் பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் பகல் வேலை. நாலு மணிக்கு முடியும், ஐந்து மணிக்கு மேடை. ஆஸ்பத்திரியும் கல்லூரியும் ஒரே வளாகம்தான், ஆனாலும் காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வார்டில் நாடித்துடிப்பு காட்டும் இயந்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசிக் கட்டிலில் மூச்சுத்திணறலோடு இருந்த அம்மாளோடு இணைக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் விரல்தான்.

ஜன்னலோரக் கட்டிலில் பேக்கரி அம்மா படுத்திருந்தாள். கல்லூரி வாசலில் பேக்கரி வைத்திருப்பவள். அவளிடம் பன் கடன் வாங்காத மாணவன் கிடையாது. அன்று காலைதான் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்ததுமே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பாப்பா, அடுப்பை என் பொண்ணு பாத்துக்கிறா. இன்னிக்குப் பூரா கருகின பன்தான் விப்பா. யாரும் வாங்காதீங்கன்னு உங்க காலேஜ்ல சொல்லிடு" என்றாள். சுண்டு சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து எண்ணினாள். எண்பது. ஒரு மணிநேரம் கழித்து எண்பத்திநாலு. மூன்று மணிக்கு மறுபடி வந்தபோது பேக்கரி அம்மா பேசவில்லை. "தூக்கம் வருதா?" என்று கேட்டதற்கு, "என்னமோ படபடன்னு வருது பாப்பா" என்றாள். சுண்டுவின் மனம் அந்த நேரம் மேடையில் இருந்தது. குச்சிகள் எந்தப் பையில் இருக்கின்றன என்று யோசித்தபடி எண்ணினாள். எண்பத்தெட்டு. "எல்லாம் சரியா இருக்கும்மா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி எழுதிவைத்தாள். ரத்த அழுத்தமும் பார்த்தாள், கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை. நாலு மணிக்கு அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டுக் காலில் வெந்நீர் கொட்டிய மாதிரி ஓடினாள்.

அரங்கத்தின் பின்னறையில் லீடர் கைபேசியோடு காத்திருந்தான். "இதை மட்டும் கேட்டுட்டு மேடைக்கு வா" என்று காதில் மாட்டும் ஒயரை நீட்டினான். முந்தின நாள் ஒத்திகையைப் பதிவுசெய்து, பக்கத்திலேயே சீரான டிக் டிக் சத்தத்தையும் சேர்த்துவைத்திருந்தான். பல்லவியில் டிரம்ஸும் டிக் டிக்கும் ஒன்றாகப் போயின. சரணத்தில் டிரம்ஸ் முன்னே நழுவியது. இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் எங்கேயோ ஓட, மற்றவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஆப்தான் ஸ்லோ" என்றாள் சுண்டு.

"சுண்டு, ஒண்ணு பண்ணலாம். கண்ணை மூடிக்கோ. அரை நிமிஷம் ஆனதும் சொல்லு. நான் கடிகாரம் பாக்குறேன்."

கண்ணை மூடினாள். உள்ளுக்குள் எண்ணினாள், எப்போதும் எண்ணுவது போலத்தான். "ஆச்சு" என்றாள்.

"இருபத்திரண்டு செகண்டு" என்றான் லீடர்.

பாடகி கலகலவென்று சிரித்தாள். "அதான் எனக்கு மூச்சு வாங்குது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுண்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மனதில் போட்டி இல்லை, பாட்டு இல்லை, ஒரே ஒரு கணக்கு ஓடியது. இருபத்திரண்டு நொடியில் நாற்பத்திநாலு துடிப்பு. அப்படியானால் முப்பது நொடியில்? ஒரு நிமிடத்தில்? அது எண்பத்தெட்டு இல்லை. நூற்றிருபது. படபடன்னு வருது என்று அந்த அம்மா வாய்விட்டுச் சொன்னாளே. வயிற்றுக்குள் எங்கேயோ ரத்தம் கசிந்தால் முதலில் நாடிதான் ஓடும் என்று பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"நான் வார்டுக்குப் போகணும்."

"விளையாடாதே. அடுத்தது நாமதான்."

"போகணும், விடு!"

"எங்களை நட்டாத்துல விட்டுட்டா?" லீடர் முதல்முறையாகக் கத்தினான். பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. சாலையின் இருபக்கமும் பார்க்காமல்தான் கடந்தாள்.

வார்டு சிஸ்டர் இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. சுண்டு மூச்சிரைக்க எதிரில் வந்து நின்றதும், "என்ன மறந்துட்டே?" என்று கேட்டாள்.

"சிஸ்டர், பேக்கரி அம்மா பல்ஸ் தப்பு. நான் கடிகாரம் பாத்து எண்ணல. என் கடிகாரம் ஓடல, ரொம்ப நாளா ஓடல. மனசுல கணக்கு வச்சு எண்ணினேன். நூத்திருபதா இருக்கும், நான் எண்பத்தெட்டுன்னு எழுதிட்டேன்."

சிஸ்டர் திட்டவில்லை. சாவியை அப்படியே அலமாரியில் விட்டுவிட்டு நடந்தாள், அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று சுண்டுவுக்குத் தெரியாது. பேக்கரி அம்மா வெளுத்துப்போய்க் கிடந்தாள். நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. ஒப்படைப்பில் எல்லாம் சரி என்று கேட்டிருந்ததால் புதிதாக வந்த நர்ஸ் முதலில் வேறு கட்டில்களைப் பார்க்கப் போயிருந்தாள். சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம் இல்லை, ஒரு முழு நிமிடம். அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்பது சுண்டுவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுடைய நிமிடங்கள் இரண்டை அதற்குள் போட்டு இன்னும் இடம் மிச்சம் வைத்திருக்கலாம் போலிருந்தது.

"நூத்தி முப்பத்தாறு" என்றாள் சிஸ்டர். "பிரஷரைப் பாரு. டாக்டருக்குப் போன் போடு. ஓடு."

ஓடினாள். அரைமணிக்குள் பேக்கரி அம்மாவைத் திரும்ப அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு ரத்தக் குழாயில் போட்டிருந்த கட்டு நழுவியிருந்தது. இன்னும் ஒருமணி நேரம் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அவர்கள் உள்ளே இருந்த நேரம் முழுக்க சிஸ்டர் தன் கடிகாரத்தைக் கழற்றிச் சுண்டுவின் கையில் கொடுத்து, வார்டில் அவள் தொட்ட ஒவ்வொரு கையையும் மறுபடி எண்ணவைத்தாள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு கையையும் விடும்முன் சுண்டு கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"காலேஜுக்கு நான் சொல்லியாகணும்" என்றாள் சிஸ்டர். "இந்த வருஷப் பயிற்சி செல்லாதுன்னுகூட சொல்லலாம். வேற யார் யார்கிட்ட சொல்லணுமோ, அது உன் பாடு."

அவள் பாடு அத்தனை சுலபமாக இல்லை. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வெற்றி மேடையை உதறிவிட்டு நோயாளியின் உயிரைக் காத்த எங்கள் செயலாளர் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இவள் ஓடி வந்ததையும், அதனால் அந்த அம்மா பிழைத்ததையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஏன் ஓடி வந்தாள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. டிரம்ஸ் இல்லாமல் வாசித்துக் கடைசி இடத்துக்குப் போன இசைக் குழுகூட மனமிறங்கிவிட்டது. "நீ ஏன் போனேன்னு இப்பதான் தெரிஞ்சது, மன்னிச்சிடு" என்று லீடர் எழுதியிருந்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இரண்டு குழுவிலும் ஒரே செய்தியைப் போட்டாள்: நான் காப்பாற்றவில்லை, தப்பாக எண்ணியதே நான்தான். "எவ்ளோ தன்னடக்கம்!" என்று பதில் வந்தது. லீடருக்கு மட்டும் விஷயம் புரிந்திருக்கவேண்டும். மன்னிப்புக் கேட்ட செய்தியை அவன் அழிக்கவும் இல்லை, அதற்குமேல் ஒன்றும் எழுதவும் இல்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் வார்டுக்குப் போனாள். பேக்கரி அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், கையெல்லாம் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. சுண்டுவைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே அக்கா அது! போட்டியை விட்டுட்டு ஓடி வந்தீங்களாமே. எங்களுக்கு அம்மாவை விட்டா யாருமில்ல. நீங்க நல்லா இருக்கணும்."

அந்தக் கைகளுக்குள் சுண்டுவின் விரல்கள் துடித்தன. தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. மணி வேறு ஆகிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. நான்தான் தப்பா எண்ணினேன். படபடன்னு வருதுன்னு அம்மா எங்கிட்ட சொன்னாங்க. கடிகாரம் ஓடாமலே ஓடுற மாதிரி பாத்துக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனேன். மூணு மணிக்கே தெரிஞ்சிருக்கணும். என்னாலதான் லேட்டாச்சு."

மகளின் கைகள் தளர்ந்தன. பிறகு, "அம்மாவைத் தொடாதீங்க. வேற யாரையாவது வரச் சொல்லுங்க" என்றாள்.

சுண்டு தலையாட்டினாள். திரும்பி நடந்தாள்.

"பாப்பா, நில்லு" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். பேக்கரி அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் இருந்ததா என்றும் சொல்ல முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து வெளியே நீட்டினாள். "எண்ணு. வாய்விட்டு எண்ணு, எனக்குக் கேக்கணும். ஏய், நீ போனை எடு. ஒரு நிமிஷம் பாரு."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். சுண்டு கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். "ம்" என்றாள் மகள். சுண்டு எண்ண ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். அவள் தலை நிமிரவில்லை. துடிப்பு வந்த பிறகுதான் எண்ணைச் சொன்னாள், ஒரு தடவைகூட முந்தவில்லை.

"போதும்" என்றாள் மகள்.

"எழுபத்தெட்டு."

பேக்கரி அம்மா கையை உள்ளே இழுத்துக்கொள்ளப் போனாள். சுண்டு விடவில்லை.

"இன்னொரு தடவை எண்ணிக்கிறேன்மா" என்றாள்.